கண்ணாடியை உடைத்த சுந்தரம்மாள்

சுந்தரம்மாள் அக்கா புற்றைக் காலால் மிதித்தார் என்று ஊரில் சொல்கிறார்கள். அது பொய். அக்கா புற்றைத் தொடவே இல்லை. அவர் உடைத்தது ஒரு கண்ணாடியை. அதை அவர் யாரிடமும் மறைக்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் "ஆமா, நாந்தான் உடைச்சேன்" என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். செய்ததைத் தானே ஒப்புக்கொள்கிறவர் மேல் செய்யாததையும் ஏன் சேர்த்துச் சொல்ல வேண்டும்? நடந்தபோது நான் அங்கே இருந்தேன். அதனால் இதை எழுதுகிறேன்.

அக்காவின் கணவர் தங்கசாமி அண்ணன் குழித்தறியில் சேலை நெய்கிறவர். அக்கா அவருக்குத் தார் சுற்றிக் கொடுப்பார். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழலில் நூல் ஏற்றும் வேலை அது. காலையில் ராட்டையின் முன் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை கை ஓயாது. அக்கா ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடத்தை நிறுத்த முடிந்ததே தவிர, படிப்பதை நிறுத்த முடியவில்லை. கடுகு மடித்துவந்த காகிதம், மருந்துப் புட்டியோடு வரும் தாள், சினிமாக் கொட்டகை நோட்டீஸ், எது கைக்கு வந்தாலும் படித்துவிட்டுத்தான் கீழே போடுவார். ஆனால் பொட்டலக் காகிதத்தில் எதுவும் முழுசாக இருக்காது. ஒரு ராஜா படையெடுத்துப் போவான். ஜெயித்தானா தோற்றானா என்பது வேறு யார் வீட்டு மிளகோடோ போயிருக்கும்.

எங்கள் தெருமுனையில் ஒரு வாசகசாலை இருக்கிறது. ஒரு நீள மேஜை, இரண்டு பெஞ்சு, சில தினசரிகள், அவை ஆடிக்காற்றில் பறந்துவிடாமல் இருக்க ஒரு கருங்கல். பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நான் 'ஆட்கள் தேவை' பகுதியைப் பார்க்க தினமும் அங்கே போவேன். பின்சுவரை ஒட்டிக் கண்ணாடி போட்ட பெரிய தேக்கு அலமாரி ஒன்று. எங்கள் ஊரில் குடியிருந்து காலமான ஒரு சர்வேயரின் புத்தகங்கள் அதில் இருந்தன. மதராஸிலிருந்து வந்த அவருடைய பிள்ளைகள் அலமாரியோடு கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த மனிதர் இன்னதென்று இல்லாமல் வாங்கியிருக்கிறார். கதைப் புத்தகம் ஒன்றுகூடக் கிடையாது. தேனீயைப் பற்றி ஒன்று, அதன் பக்கத்தில் கிரிமினல் சட்டம். எகிப்து தேசத்துக் கல்லறைகள். கோழிக்கு வரும் நோய்கள். சாயம் காய்ச்சும் முறை, சந்திரனில் உள்ள மலைகள், பிரசவம், ரயில் எஞ்சின், பாம்பு, கடல். பாதிக்கு மேல் தமிழ்ப் புத்தகங்கள்தான்.

அவற்றை யாரும் படித்ததில்லை. சாவி வாசகசாலைக் காரியதரிசி ஆறுமுகச்சாமி அண்ணாச்சியின் இடுப்பில் இருந்தது. அண்ணாச்சி நூல் வியாபாரி. எங்கள் தெருவில் முக்கால்வாசித் தறிகள் அவர் கொடுக்கும் நூலில்தான் ஓடும். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். தினமும் வந்ததும் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து அலமாரிக் கண்ணாடியைத் தானே துடைப்பார். ஒரு தாள் கசங்காமல் பார்த்துக்கொள்கிறேன் என்று சர்வேயரின் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கை அப்படியே காப்பாற்றினார்.

வருஷத்துக்கு ஒருமுறை, சரஸ்வதி பூஜையன்று அலமாரியைத் திறப்பார்கள். புத்தகங்களை எடுத்துப் பட்டுத்துணி விரித்து அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, சுண்டல் படைத்துப் பூஜை நடக்கும். அன்றைக்கு எந்தப் புத்தகத்தையும் விரிக்கக் கூடாது என்பது எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம். பள்ளிக்கூடத்தில் படித்தபோது அந்த வழக்கத்தின்மேல் எனக்குப் பிரியம்கூட உண்டு. மறுநாள் காலை மறுபூஜை செய்துவிட்டு வீட்டில் புத்தகத்தை எடுத்துப் படிப்போம். வாசகசாலையிலோ மறுபூஜை ஆனதும் உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஆக, அலமாரி திறப்பது வருஷத்தில் ஒரே நாள். அந்த நாளோ படிக்கக் கூடாத நாள். இதில் ஒரு கோளாறு இருப்பதாக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பெண்களும் அன்றைக்கு மட்டும் உள்ளே வரலாம். போன வருஷம் பூஜைக்கு அக்கா வந்தார். எல்லாரும் சுண்டலுக்குக் கை நீட்டியபோது அவர் குனிந்து மேலாக இருந்த ஒரு புத்தகத்தை எடுத்து நடுவில் விரித்தார். கடலைப் பற்றிய புத்தகம் அது. உதடு அசையப் படித்தார். அண்ணாச்சி வந்து அதை மெதுவாக, ஆனால் உறுதியாக, அவர் கையிலிருந்து வாங்கி மூடினார். இன்றைக்குப் படிப்பது பாவம் என்றார். அப்படியானால் நாளைக்கு வருகிறேன் என்றார் அக்கா. மறுநாள் வந்தபோது அலமாரி பூட்டியாகிவிட்டது.

"அண்ணாச்சி, ஒரே ஒரு வரி பாக்கி. 'திமிங்கிலம் மீன் அல்ல. அது தன் குட்டிக்கு'ன்னு இருந்துச்சு. அதுக்குள்ள வாங்கிட்டிய. குட்டிக்கு என்ன செய்யுதுன்னு பாத்துட்டுத் தாரேன்."

"திமிங்கிலம் என்ன செஞ்சா உனக்கு என்ன தாயீ? சங்கரன்கோவில்ல கடலா இருக்கு?"

"இல்லங்கிறதாலதான் கேக்கேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணாச்சி யோசித்துவிட்டு, தன் வீட்டிலிருந்து சமையல் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பெண்களுக்கு உபயோகமானது என்றார். அக்கா சாயங்காலமே அதைத் திருப்பிக்கொண்டுவந்தார். படித்துவிட்டேன், நன்றாக இருந்தது, இனிமேல் உபயோகம் இல்லாததாகப் பார்த்து ஒன்று கொடுங்கள் என்று கேட்டார்.

அதன்பிறகு அக்கா கடைக்குப் போகிற வழியில் தினமும் வாசகசாலைக்குள் வந்து அலமாரி முன்னால் நிற்பார். பூட்டிய கண்ணாடி வழியே புத்தகங்களின் முதுகில் இருக்கும் பெயர்களைப் படிப்பார். பெண்கள் வரக்கூடாதே என்று யாராவது முனகினால், நான் உள்ளே எதையும் தொடவில்லையே, கண்ணால் பார்க்கத்தானே செய்கிறேன் என்பார். சொந்தக்காரர்களின் பெயரைச் சொல்வதுபோல அந்தப் பெயர்களை வரிசையாகச் சொல்வார். புஸ்தகக்காரி என்று தெருவில் கேலிப்பெயர் வந்தது. பக்கத்து வீட்டு மாரித்தாய் மதினி அவ்வப்போது அவரைச் சீண்டுவார்.

"என்ன சுந்தரம், ஒன் திமிங்கிலம் பிள்ள பெத்துட்டா?"

"பெத்துட்டு. பூட்டுக்குள்ள கெடக்கு."

கார்த்திகை மழை அந்த வருஷம் கொஞ்சம் நன்றாகவே பெய்தது. மார்கழியில் ஒருநாள் அலமாரிக்குப் பின்னால், சுவர் மூலையில், ஈரமண் புடைத்திருப்பதை யாரோ பார்த்தார்கள். ஒரு வாரத்தில் அது முழங்கால் உயரம் வந்தது. புற்று.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க் கோமதி அம்மன் கோயிலில் புற்றுமண்தான் பிரசாதம். காய்ச்சலுக்கும் சொறிக்கும் அதைக் குழைத்துப் பூசுவோம். பாம்பு, தேள் பயம் போக அதைத்தான் நெற்றியில் இடுவோம். அப்படிப்பட்ட ஊரில் சரஸ்வதி இருக்கும் இடத்தில் புற்று வந்தால் என்ன நினைப்பார்கள்? கோமதி அம்மனே இறங்கி வந்துவிட்டாள் என்றார் அண்ணாச்சி. அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். நடிப்பு இல்லை. மஞ்சள் தெளித்தார்கள், குங்குமம் வைத்தார்கள், விளக்கு ஏற்றினார்கள். வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் பால்செம்போடு வர ஆரம்பித்தார்கள். ஆக, படிப்பதற்கு உள்ளே வரக் கூடாத பெண்கள் புற்றுக்குப் பால் ஊற்ற உள்ளே வரலாம் என்றானது.

அக்காவும் ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். கும்பிட்டார். பிறகு குனிந்து அலமாரியின் பின்பலகையைப் பார்த்தார். புற்றிலிருந்து விரல் கனத்தில் ஒரு மண்கோடு பலகைமேல் ஏறி, ஒரு இடுக்கில் நுழைந்திருந்தது. குழித்தறியோடு வாழ்கிறவர்களுக்கு அந்தக் கோடு என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. தறிக்காலில் அது தெரிந்தால் அன்றைக்கே சுரண்டி எடுத்து வேப்பெண்ணெய் தடவாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. அன்றைக்குப் பால்செம்போடு நின்ற பெண்கள் அத்தனை பேருக்கும் அது தெரியும். பெஞ்சில் இருந்த ஆண்களுக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை.

"அண்ணாச்சி, அலமாரியத் திறங்க. கரையான் உள்ள போயிட்டு."

"அம்மன அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடாத."

"அம்மன் கோயில்ல இருக்கா. அங்க உள்ள மண்ண எடுத்து எம்பிள்ளைக்குப் பூசியிருக்கேன், நாளைக்கும் பூசுவேன். அலமாரிக்குப் பின்னால இருக்கது கரையான். ஒம்ம வீட்டு நூல் மூட்டைக்குப் பின்னால வந்தா விளக்கா ஏத்துவிய?"

அண்ணாச்சி துண்டை எடுத்து அலமாரிக் கண்ணாடியைத் துடைத்தார். சரஸ்வதி பூஜைக்குத் திறக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னார். சரஸ்வதி பூஜைக்கு இன்னும் எட்டொன்பது மாசம் இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமைவரை பார்ப்பேன், அதற்குமேல் பார்க்க மாட்டேன் என்று எல்லார் காதும் கேட்கச் சொல்லிவிட்டு அக்கா போய்விட்டார்.

அந்த ஒரு வாரம் தெருவே அவர் வீட்டு வாசலில்தான் இருந்தது. பூஜையில் இருந்த புத்தகத்தைத் தொட்டாளே, அதனால்தான் தங்கசாமி தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல் அறுந்தது என்றார்கள். பாவு அறுவது எல்லார் தறியிலும் நடப்பதுதான். அம்மன் படத்துக்கு மாலை போட்டு, தெரியாமல் பேசிவிட்டேன் என்று சொல்லச் சொன்னார்கள். தெரிந்துதான் பேசினேன் என்றார் அக்கா. கடைசியில் அண்ணாச்சியே ஆள் அனுப்பினார். இந்தப் பேச்சு நிற்காவிட்டால் அடுத்த பாவுக்கு நூல் இல்லை. தங்கசாமி அண்ணன் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தபடியே அதைக் கேட்டார். அவர் அதிகம் பேசாத மனிதர். வந்தவர் போனபிறகு மனைவியைப் பார்த்தார்.

"ஏட்டி, நெசமாவே கரையான்தானா?"

"கரையான்தான்."

"அப்ப நூலுக்கு நான் கடையநல்லூர் போயிட்டு வாரேன்" என்று சொல்லிச் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. நல்ல வெயில். பால்செம்புகளோடு பெண்கள் வந்து நின்றார்கள். வேடிக்கை பார்க்க வாசலிலும் கூட்டம். அண்ணாச்சி அலமாரிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா தார்க்குழல் கூடையோடு, வேலையின் நடுவில் எழுந்து வந்தவர்போல வந்தார். புற்றுக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த விளக்கைக் கும்பிட்டு, அது சாய்ந்துவிடாதபடி ஓரமாக நகர்த்தி வைத்தார். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் விளக்கை உதைத்தார் என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. பிறகு சாவியைக் கேட்டார்.

தரமாட்டேன் என்றார் அண்ணாச்சி.

"தள்ளி இருங்க அண்ணாச்சி. கண்ணாடி மேல தெறிக்கும்."

அவர் நம்பவில்லை. அக்கா மேஜையில் தினசரிகளின்மேல் இருந்த கருங்கல்லை எடுத்தார். தாள்கள் பறந்தன. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டார். அண்ணாச்சி எழுந்து விலகியதும் கல்லால் கண்ணாடியில் ஓங்கி அடித்தார்.

கண்ணாடி நொறுங்கி விழுந்தது. அக்கா கையை உள்ளே விட்டு ஒரு புத்தகத்தை எடுத்தார். முன்பக்கம், முதுகு, பெயர் எல்லாம் பளிச்சென்று இருந்தன. திருப்பிக் காட்டினார். பின்பாதி மண்ணாக இருந்தது. வெள்ளை வெள்ளையாகப் பூச்சிகள் கீழே உதிர்ந்தன. அடுத்த புத்தகமும் அப்படி. இத்தனை நாளும் அண்ணாச்சி துடைத்துத் துடைத்துப் பார்த்தது புத்தகங்களின் முதுகை மட்டுமே. அவர் ஒரு புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கினார். அது கையிலேயே உடைந்து விழுந்தது. அப்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

"அம்மா தின்னுட்டாளே" என்று மெதுவாகச் சொன்னார்.

"அம்மா தின்னல, கரையானும் தின்னல அண்ணாச்சி. பூட்டு தின்னுட்டு. யாராவது ஒருத்தர் வாரத்துக்கு ஒண்ண எடுத்துப் பிரிச்சிருந்தா இது நடந்திருக்குமா?"

முதலில் நகர்ந்தவர் மாரித்தாய் மதினி. பால்செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சேலையை ஏந்திக்கொண்டு நின்றார். அக்கா புத்தகங்களை எடுத்து எடுத்து அதில் போட்டார். பிறகு மற்றப் பெண்களும் ஏந்தினார்கள். நானும் ஒரு சுமை எடுத்தேன்.

எங்கள் தெருவில் பாவடி என்று ஒரு நீண்ட வெட்டவெளி உண்டு. தறியில் ஏற்றுவதற்கு முன் பாவு நூலைக் கஞ்சி தோய்த்து நீளமாக இழுத்துக் கட்டிக் காயவைக்கும் இடம். அன்றைக்கு அங்கே பாவு இல்லை, புத்தகங்கள் காய்ந்தன. பூச்சி போக ஒவ்வொரு தாளாகப் பிரித்து உதற வேண்டியிருந்தது. உதறுவதற்குத் தெருவே உட்கார்ந்தது. தாளைப் பிரித்த கை சும்மா இருந்தாலும் கண் சும்மா இருக்குமா? எழுத்துத் தெரிந்தவர்கள் உரக்கப் படிக்க ஆரம்பித்தார்கள். ஒரு மூலையில் சந்திரனில் மலை இருக்கிறதென்றார்கள். கோழிக்கழிச்சலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று இன்னொரு மூலையிலிருந்து கேட்டது. போலீஸ்காரன் வாரண்டு இல்லாமல் எப்போது வீட்டுக்குள் நுழையலாம் என்று ஒருவர் படித்ததும் அவரைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. எகிப்தில் செத்தவர்களைப் பதப்படுத்தித் துணி சுற்றுவதைக் கேட்டுவிட்டு, எத்தனை முழத் துணி, யார் நெய்தது என்று நெசவாளிகள் தங்களுக்குள் வாதாடினார்கள். நான் பிறந்ததிலிருந்து எங்கள் தெருவில் அப்படி ஒரு சந்தடியைக் கேட்டதில்லை.

கடல் புத்தகம் அகப்பட்டது. அக்கா மண்ணைத் தட்டித் தட்டிப் பக்கம் தேடினார். சந்தனப் பொட்டு அதன் அட்டையில் இன்னும் இருந்தது. தேடிய பக்கம் தப்பித்திருந்தது. எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார்.

"திமிங்கிலம் மீன் அல்ல. அது தன் குட்டிக்குப் பால் கொடுத்து வளர்க்கிறது."

"கடலுக்குள்ளயா?" என்றார் மாரித்தாய் மதினி. "பால் தண்ணியில கரைஞ்சு போவாதா?"

நல்ல கேள்வி. அக்கா அடுத்த தாளைப் புரட்டினார். அங்கே தாள் இல்லை. மண் இருந்தது. அதற்கடுத்ததும் மண். பால் எப்படிக் கரையாமல் குட்டியின் வாய்க்குப் போகிறது என்பதை அந்தப் புத்தகத்தில் எழுதியிருந்திருக்கும். சரியாக அந்த இடம் போய்விட்டது. அக்கா அழுது நான் பார்த்தது அப்போதுதான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, மிச்சம் இருப்பதையாவது பார்ப்போம் என்று அடுத்த புத்தகத்தை எடுத்தார்.

நாங்கள் அந்தக் கேள்வியை விடவில்லை. தங்கசாமி அண்ணனுக்கு இப்போது நூல் கொடுக்கும் கடையநல்லூர் முகம்மது மைதீன் காக்காவிடம் கேட்டோம். அவருடைய மச்சான் கொழும்புக்குக் கப்பலில் போய்வந்தவர். அவர் கடலைப் பார்த்திருக்கிறார், திமிங்கிலத்தைப் பார்த்ததில்லையாம். எங்காவது முழுப் புத்தகம் இருந்தால் தேடிப்பிடிப்பது என்று இருக்கிறேன்.

காய்ந்த புத்தகங்கள் அன்று சாயங்காலம் வாசகசாலைக்குப் போகவில்லை. ஆளுக்கு ஒன்றாக வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். முடித்தவர்கள் மாற்றிக்கொண்டார்கள். அண்ணாச்சி அலமாரிக்குப் புதுக் கண்ணாடியும் புதுப் பூட்டும் போட்டுவிட்டு, வீடு வீடாக வந்து கேட்டார். முதலில் மாரித்தாய் மதினி வீட்டுக்குப் போனார். மதினி வீட்டில் பாதி தின்னப்பட்ட ரயில் எஞ்சின் புத்தகம் இருந்தது.

"இன்னும் படிச்சு முடிக்கல அண்ணாச்சி."

"உனக்கு எழுத்தே தெரியாதே."

"அதனாலதான் நேரமாவுது."

அடுத்தடுத்த வீடுகளிலும் அதே பதில். அக்காவிடம் வந்தபோது, பூட்டை எடுங்கள், புத்தகம் தானாக வரும் என்றார். போலீஸுக்குப் போவேன் என்றார் அண்ணாச்சி. அந்தச் சட்டப் புத்தகம் எதிர்வீட்டில் இருக்கிறது, வாங்கிப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றார் அக்கா. அவர் போலீஸுக்குப் போகவில்லை. புற்று அதற்குமேல் வளரவில்லை. தின்ன எதுவும் இல்லாமல் காய்ந்து வெடித்தது. அம்மன் கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்கிறார்கள்.

போன மாசம் சரஸ்வதி பூஜை வந்தது. பூஜைக்காவது புத்தகங்களைக் கொண்டுவாருங்கள் என்று அண்ணாச்சி சொல்லியனுப்பினார். எல்லாரும் கொண்டுபோனோம். பட்டுத்துணியில் அடுக்கினார்கள். பாதி அட்டை இல்லாதது, மூலை போனது, நூல் தைத்து ஒட்டியது என்று பார்க்கவே பரிதாபமான அடுக்கு. சந்தனம் வைத்துச் சூடம் காட்டினார்கள். அக்காவும் கண்ணை மூடிக் கும்பிட்டார். சுண்டல் வாங்கினார். வாங்கிக்கொண்டு, படத்துக்கு நேரே தரையில் உட்கார்ந்து, தேனீப் புத்தகத்தை எடுத்து விரித்தார்.

"இன்னிக்குப் படிக்கக் கூடாது" என்றார் அண்ணாச்சி.

"போன வருஷமும் இதத்தான் சொன்னிய" என்று சொல்லிவிட்டு அக்கா படித்தார். தனக்குள் அல்ல, பக்கத்தில் உட்கார்ந்த மாரித்தாய் மதினிக்குக் கேட்கும்படி. ராணித்தேனீயை மற்றத் தேனீக்கள் எப்படித் தேர்ந்தெடுக்கின்றன என்ற இடம். மதினி இடையிடையே சந்தேகம் கேட்டார். கொஞ்சநேரத்தில் மற்றவர்களும் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் பாம்புப் புத்தகத்தை எடுத்தேன். அண்ணாச்சி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

இருட்டுவதற்குள் அவரவர் புத்தகத்தை அவரவர் எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். யாரும் அவரைத் திட்டவில்லை, யாரும் அவரிடம் அனுமதி கேட்கவும் இல்லை. அவர் காலி அலமாரியைத் துண்டால் துடைத்துப் பூட்டிக்கொண்டு போனார்.